சோற்றுக்கு வந்த சோதனை

“சோறு வேண்டாம், கீரையும் மீனும் வைத்தால் போதும்.” பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் இக்காலத்தில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. ஒரு மாதம் அரிசியையும் சர்க்கரையையும் நீக்கிப் பார்ப்பது ஒரு விரதம்போல் நம்மவரிடையே பரவி வருகிறது. முதியவர்களோ, “சோறுண்டு வளர்ந்த சாதிக்குச் சோறே பகையாகுமா?” என்று சினக்கின்றனர். இரு திறத்தாரும் அறிய வேண்டிய ஒரு சரித்திரம் உண்டு. சோற்றை வைத்து இவ்வுலகில் நடந்த மிகப் பெரிய பரிசோதனைகளில் ஒன்று இதே கோலாலம்பூரில் நடந்தது. அதற்குக் காரணமாயிருந்தவற்றுள் ஒன்று தோட்டத் தமிழனின் சோற்றுப் பானை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை ஆட்டிவைத்த கொடு நோய்களுள் பெரிபெரி ஒன்று. கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தளரும், முடிவில் இருதயம் சோர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இதற்கு இரையாயினர். இது ஒட்டுவாரொட்டி நோய் என்றும், மண்ணிலும் கட்டடத்திலும் தங்கிய கிருமியால் வருவது என்றும் கற்றறிந்த வைத்தியர்களே நம்பினர். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டில் ஏற்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரும் அக்கருத்தினரே.

ஆனால் நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த டாக்டர் பிராடனின் கண்ணில் ஒன்று பட்டது. அதே மண்ணில், அதே மழையில், அதே நெருக்கடியான லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரை இந்நோய் ஏன் தீண்டுவதில்லை? சீனர் உண்டது சயாமிலிருந்து ஆலையில் தீட்டி வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது ஊற வைத்து, அவித்து, உலர்த்திக் குத்திய புழுங்கல் அரிசி. கம்பத்து மலாய்க்காரர் தம் நெல்லை வேண்டும்போது உரலிலிட்டுக் குத்தி உண்டனர். அவரிடத்தும் நோய் அரிது. ஆகவே குற்றம் மண்ணில் இல்லை, அரிசியில் இருக்கிறது என்றார் பிராடன். 1907இல் இதைப் பெரும் நூலாகவே எழுதி வெளியிட்டார்.

ஊகம் எத்துணை நன்றாயினும் ஊகமே. அதைச் சோதித்தவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர்; சோதித்த இடம் கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. 1905 டிசம்பர் 5ஆம் நாள் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தனர். ஒற்றைப்படை எண் வந்தவர்க்குச் சயாம் வெள்ளையரிசிச் சோறு. இரட்டைப்படை எண் வந்தவர்க்குப் புழுங்கல் அரிசிச் சோறு. மற்ற உணவெல்லாம் ஒன்றே. இடத்தின் குற்றமோ என்னும் ஐயம் தீர, ஆண்டின் நடுவில் இரு கூட்டத்தாரின் விடுதிகளையும் மாற்றினர். 1906ஆம் ஆண்டு முடியும்வரை சோதனை தொடர்ந்தது.

முடிவு என்ன? வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 34 பேருக்குப் பெரிபெரி கண்டது. அவர்களில் 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோயுற்றிருந்தவர் இருவரே. அவ்விருவரும் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே அந்நோயுடன் வந்தவர்கள். புழுங்கல் சோற்றை உண்டு புதிதாக நோயுற்றவர் ஒருவரும் இலர், இறந்தவரும் இலர்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்தப் பதினெண்மரும் யார்? அவர்கள் பெயர் எந்த மருத்துவ நூலிலும் சிறப்பித்துக் கூறப்படுவதில்லை. வரிசையில் எந்த எண் வந்தது என்பதே அவர்களுடைய விதியாயிற்று. “இச்சோறு வேண்டுமா?” என்று அவர்களை ஒருவர் கேட்டிருந்தாலும், மனநோயாளர் என்று பூட்டி வைக்கப்பட்டவர் சொல்லும் விடைக்கு மதிப்பேது? பிளெட்சரின் கணக்கு அறிவுலகுக்குப் பேருதவி செய்தது என்பது மெய். அவ்வுதவிக்கு விலை கொடுத்தவர் கேட்பாரற்ற ஏழைகள் என்பதும் மெய். இரண்டில் ஒன்றை மறைப்பவன் சரித்திரம் எழுதத் தகுந்தவன் அல்லன்.

அடுத்து, ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இதே சோதனையைச் செய்தனர். வெள்ளையரிசி உண்ட கூட்டத்தில் நோய் கண்டது. அரிசியை மாற்றியதும் நின்றது. அரிசியில் நஞ்சு இருக்கிறது என்று பிராடன் எண்ணியிருந்தார். உண்மை நேர்மாறு என்று இவர்கள் காட்டினர். அரிசியில் ஒன்று இருப்பதால் அன்று, இருக்க வேண்டிய ஒன்று இல்லாததால் நோய் வருகிறது. அது தவிட்டோடு ஆலையில் போய்விடுகிறது. ஜாவாவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர் 1890களில் கோழிகளிடம் கண்டதும் இதனோடு ஒத்தது. 1912இல் கஸிமிர் பங்க் என்பவர் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்று பெயர் சூட்டினார். தவிட்டில் உள்ளது பி-1 என்று பின்னர் விளங்கியது. நெல்லை அவிக்கும்போது அச்சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை.

இதைக் கேட்டதும், “பார்த்தீர்களா! நம் முன்னோர் எல்லாம் அறிந்தே செய்தனர்” என்று மார்தட்டுவோர் உண்டு. அது வீண் பெருமை. நெல்லை அவித்த நம் பாட்டிக்கு அரிசி உடையாமல் வரும், பூச்சி அண்டாது, பழஞ்சோற்றுக்கு உகந்தது என்பன தெரியும், வைட்டமின் தெரியாது. அவள் வழக்கம் நம்மைக் காத்தது உண்மை. அது ஏன் காத்தது என்று சொன்னது பரிசோதனை. பழமை என்பதற்காகப் போற்றுவதும் தவறு, பழமை என்பதற்காகத் தூற்றுவதும் தவறு. சோதித்துப் பார்ப்பதே அறிவு.

பிறகு 1942இல் ஜப்பானியர் வந்தனர். பர்மா அரிசி அருகிப் போயிற்று. மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்கே பலருக்குச் சோறாயிற்று. அன்று சோற்றைக் குறைத்தது கொள்கை அன்று, பஞ்சம். அந்தப் பசியை அறிந்தவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சோற்றை மலைபோல் குவித்துப் பரிமாறியதில் வியப்பில்லை. அது அன்பின் அளவு.

ஆனால் அந்தச் சோற்றை உண்டவன் விடியுமுன் பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, வாளி சுமந்து நடந்தான். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களிற் பல இன்று வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. அவன் பேரன் காவற்கூண்டிலும் மேசை முன்னும் அமர்ந்து உழைக்கிறான். உழைப்பு மாறிற்று, சோற்றின் அளவு மாறவில்லை, டின் பால் கலந்த தேநீர் வேறு கூடிற்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கும், இந்தியரில் நூற்றுக்கு 31.4 பேருக்கும் நீரிழிவு என்று கண்டது. மூவரில் ஏறத்தாழ ஒருவர்! அன்று பெரிபெரிக்குத் தப்பிய இனம் இன்று சர்க்கரைக்கு அகப்பட்டிருக்கிறது.

நாமும் ஒரு மாதம் சோற்றைக் குறைத்துப் பார்த்தோம். காலையில் முட்டை, பகலில் ஒரே அகப்பைச் சோறு, கங்குங் கீரை, மீன், இரவில் தவ்பும் காய்கறியும். முதல் வாரம் தலைவலியும் எரிச்சலும். மூன்றாம் வாரம் இடைவார் ஒரு துளை இறங்கியது. நான்காம் வாரம் கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தியில் விரதம் கலைந்தது. மாதம் முடிந்து பழைய வழக்கத்துக்குத் திரும்பியதும் குறைந்த எடையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. நாம் கண்டவை இரண்டு. நம்மைக் கெடுத்தது முதல் அகப்பைச் சோறு அன்று. இரண்டாம், மூன்றாம் அகப்பைகளும் இனித்த தேநீருமே. மற்றொன்று, அரிசியைக் குறைத்தால் மீனுக்கும் காய்கறிக்கும் காசு கூடுதலாக வேண்டும். வறியவனிடம் “சோற்றை விடு” என்பது எளிது. அதனிடத்தில் எதை வைப்பான் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒருவர் ஒரு மாதம் செய்தது பரிசோதனை ஆகாது. முறையாக நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மாவுச்சத்தைக் குறைத்த நீரிழிவாளருக்கு முதல் ஆறு மாதத்தில் நல்ல பயன் தெரிகிறது என்றும், ஓராண்டில் மற்ற உணவு முறைகளோடு உள்ள வேறுபாடு சுருங்குகிறது என்றும் கூறுகின்றனர். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ கொள்வோர் வைத்தியரைக் கேளாமல் சோற்றை நிறுத்தினால் இரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். அவர்கள் தாமாக இதில் இறங்கலாகாது.

அன்று கோலாலம்பூரில் வரிசையில் நின்றவர்களுக்குத் தம் இலையில் விழுவதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. இன்று நமக்கு உண்டு. அவ்வுரிமையை வதந்திக்கும் வீம்புக்கும் விட்டுவிடலாகாது. இரத்தத்தைச் சோதித்து அளவை அறிவோம். அறிந்ததை லயத்திலும் அடுக்குமாடியிலும் உள்ள நம் தாய்மாரிடம் எடுத்துச் சொல்வோம். பிள்ளைக்கு இரண்டாம் அகப்பைச் சோற்றுக்குப் பதில் கீரையைக் கூட்டிப் பரிமாறுவதும் அன்புதான் என்று உணர்த்துவோம். பெயரறியாத அந்தப் பதினெட்டு உயிர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் இதுவே.