தென்தமிழக வேட்டை நாய்கள்

தென்தமிழக வேட்டை நாய்கள் என்பவை விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை, தேனி மாவட்டப் பகுதிகளில் பல தலைமுறைகளாக வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டுவந்த நாட்டு நாய் இனங்களாகும். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் இவற்றுள் பெயர்பெற்றவை. இந்த இனங்களுக்கு எழுதிவைத்த வம்சாவளி கிடையாது. நன்றாக ஓடிய, துணிந்து பிடித்த நாயின் குட்டிகளை வளர்த்தார்கள்; மற்றவற்றை விட்டுவிட்டார்கள். வேலையே இனத்தை உருவாக்கியது. அந்த வேலை 1972-க்குப் பிறகு படிப்படியாகச் சட்டப்படி குற்றமானது. வேலை இல்லாத நிலையில் இனத்தை எவ்வாறு காப்பது என்பதே இந்நாய்களின் அண்மைக்கால வரலாறு.

பழந்தமிழ்ச் சான்றுகள்

சங்க இலக்கியத்தில் நாய்க்கு ஞமலி, ஞாளி என்ற பெயர்களும் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, எயினரின் முயல் வேட்டையை விவரிக்கிறது. புதர்களைச் சுற்றி வலைகளைத் தொடராகக் கட்டி, நாய்களைக் கொண்டு புதரைக் கலைத்து, வெளியே பாயும் முயல்களை அவர்கள் பிடித்தனர். இங்கே நாயின் வேலை கிளப்பி விரட்டுவது, பிடிப்பது வலை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவனுடன் வரும் வேட்டை நாய்கள் தினைப்புனத்து மகளிரை அஞ்ச வைக்கின்றன. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கண்ணப்ப நாயனார் வரலாற்றில் வேடர்களின் வேட்டையும் அவர்களுடைய நாய்களும் விரிவாக வருகின்றன.

நாய்க்குத் தனிச் சிறப்பு செய்த கல்வெட்டும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தொறுப்பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுக்கப்பட்டது. வீரனின் உருவத்துடன் ஒரு நாயின் உருவமும் அதில் உள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. வேட்டையும் காவலும் ஒரே நாயின் இரு வேலைகளாக இருந்த கால்நடைச் சமூகத்தின் சான்று இது.

நான்கு இனங்கள்

*இராஜபாளையம்:* விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் நகரின் பெயரால் அறியப்படுவது. வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, மடிந்து தொங்கும் காது, ஆழமான மார்பு ஆகியவை இதன் அடையாளங்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீடு, தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்டது.

*சிப்பிப்பாறை:* விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரின் பெயர் கொண்டது. ஒடுங்கிய முகம், நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு, குட்டை முடி உடையது. செவலை, சாம்பல் உள்ளிட்ட பல நிறங்களில் காணப்படும். முயலை ஓடிப் பிடிப்பதில் பெயர்பெற்றது.

*கன்னி:* உடலமைப்பில் சிப்பிப்பாறையை ஒத்தது. கருப்பு உடலும் கால், முகப் பகுதிகளில் செம்பழுப்பும் கொண்டது. திருமணத்தின்போது பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பியதால் கன்னி என்ற பெயர் வந்தது என்பது வழக்கில் உள்ள விளக்கம். நிறத்தை வைத்தே கன்னி, சிப்பிப்பாறை எனப் பிரிக்கும் வளர்ப்போரும் உண்டு.

*கோம்பை:* தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரைச் சார்ந்தது. செம்பழுப்பு உடலும் கரிய வாய்ப்பகுதியும் கொண்ட, கட்டான உடல்வாகுடைய நாய். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டது.

வேட்டை முறை

சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்துபவை. மரங்கள் குறைந்த கரிசல் காடும், அறுவடை முடிந்த மானாவாரி நிலமும், இடையிடையே உள்ள முட்புதர்களும் இவற்றுக்கு ஏற்ற களம். ஆட்கள் புதரைத் தட்டிக்கொண்டே வருவார்கள். முயல் கிளம்பியதும் கயிற்றில் பிடித்திருக்கும் நாயை அவிழ்த்துவிடுவார்கள். நேர் ஓட்டத்தில் நாய் நெருங்கிவிடும். ஆனால் முயல் திடீரென்று பக்கவாட்டில் திரும்பும்போது நாய் தன் வேகத்திலேயே கடந்து போய்விடும். இதனால் நாய்களைச் சோடியாக விடுவது வழக்கம். ஒன்று முயலைத் திருப்ப, மற்றொன்று குறுக்கே பாய்ந்து பிடிக்கும். சில நிமிடங்களில் முடியும் இந்த ஓட்டத்துக்குத் தேவையானவை பெரிய நுரையீரலுக்கு இடம்தரும் ஆழ்ந்த மார்பும், வெப்பத்தை விரைவில் வெளியேற்றும் மெலிந்த உடலும், குட்டை முடியுமே. கூழும் மோரும் கஞ்சியும் உண்டு, கடும் வெயிலில் ஓடக்கூடிய நாயே புன்செய் விவசாயிக்குக் கட்டுப்படியாகும்.

பன்றி வேட்டை வேறு வகையானது. அதில் வேகத்தைவிடத் துணிவும் பிடிமானமும் முக்கியம். நாய்கள் கூட்டமாகச் சென்று பன்றியை மறித்து நிறுத்த, ஆட்கள் ஈட்டியால் குத்துவார்கள். ஆண் பன்றியின் கோரைப்பல்லால் நாய்களின் வயிறும் தொடையும் கிழிபடுவது சாதாரணம்.

ஆயுதப் பறிப்பும் நாயின் முக்கியத்துவமும்

தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர்களின் ஆட்சிக் காலத்தில் வேட்டை, படைப்பயிற்சி, காவல் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் இப்பகுதியின் நாயைப் ‘பாளையக்கார நாய்’ என்றே குறிப்பிட்டனர். 1801-இல் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டதோடு பாளையக்காரர் போர்கள் முடிவுக்கு வந்தன. கோட்டைகள் இடிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிவிப்பு, தென்மாவட்ட மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்னர் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது.

உரிமம் பெற்ற சிலரிடம் மட்டுமே துப்பாக்கி இருந்தது. அதுவும் பெரும்பாலும் குழலின் வாய்வழியே கருமருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. ஒரு முறை சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டிப்பதற்குள் விலங்கு ஓடிவிடும். மழையில் மருந்து நனைந்தால் வெடிக்காது. சாதாரண விவசாயிக்கு எஞ்சியவை தடி, வலை, ஈட்டி, நாய் ஆகியவையே. இவற்றுள் உரிமம் இல்லாமலே ஓடும் முயலைப் பிடிக்க வல்லது நாய் ஒன்றுதான். ஆயுதம் பறிக்கப்பட்ட நிலத்தில் நாய் வளர்ப்பு வலுவாக நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நீலகிரி: விளையாட்டாக மாறிய வேட்டை

இதே காலத்தில் நீலகிரியில் வேறொரு வேட்டை மரபு வேரூன்றியது. உதகமண்டலத்தில் ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டு நரி வேட்டையை அப்படியே நடத்த விரும்பினர். இங்கிலாந்திலிருந்து நரிவேட்டை நாய்களை வரவழைத்து, நரியைத் துரத்திக் குதிரையில் செல்லும் ‘ஊட்டி ஹண்ட்’ என்ற அமைப்பை நடத்தினர். அவர்கள் குதிரையோட்டிய புல்வெளி, 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் ‘வென்லாக் டவுன்ஸ்’ எனப்பட்டது. அந்த நாய்கள் மோப்பத்தால் துரத்துபவை. குளிர் நாட்டுக்கு உரியவை. கரிசல் காட்டு நாய்க்கும் அவற்றுக்கும் உடலிலும் வேலையிலும் தொடர்பில்லை.

துப்பாக்கி வேட்டை அதைவிடப் பரவலாக நடந்தது. வரையாடும் கடமானும் குறைந்துவருவதை வேட்டைக்காரர்களே உணர்ந்தனர். 1877-இல் நீலகிரி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டையாடக் கூடாத பருவங்களையும் உரிம முறையையும் கொண்டுவந்த இச்சட்டம், இந்தியாவின் தொடக்ககால வனவிலங்குச் சட்டங்களுள் ஒன்று. விளையாட்டுக்கு விலங்குகள் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே அதன் முதன்மை நோக்கம். எனினும் வரையாடு இன்றும் நீலகிரியில் இருப்பதற்கு அந்தக் கட்டுப்பாடும் உதவியது.

துப்பாக்கியின் குண்டளவு, நாய்ப் பராமரிப்பு, காட்டில் தங்கும் முறை ஆகியவற்றுக்கான அறிவுரைகளை அக்கால ஆங்கில வேட்டை நூல்கள் நிறையத் தந்தன. நீலகிரியிலும் ஆனைமலையிலும் வேட்டையாடிய ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டனின் குறிப்புகள் 1892-இல் நூலாக வெளிவந்தன. கரிசல் காட்டு நாய் வளர்ப்போரின் அறிவோ வாய்மொழியாகவே நின்றது. எந்த நாய் எந்த நாயோடு சேர்ந்தது, எந்தக் குட்டி ஓடியது என்பவை நினைவில் மட்டுமே இருந்தன. அந்த மூத்த வளர்ப்போரோடு பெரும்பகுதி மறைந்துவிட்டது.

சட்டம் கொண்டுவந்த மாற்றம்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்கு விரிவான பொருள் தந்தது. கொல்வது மட்டுமன்றி, பிடித்தல், துரத்துதல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விரட்டுதல், இரை வைத்து ஈர்த்தல் ஆகியவையும், அவற்றுக்கான முயற்சிகளும் வேட்டையே. ஆகவே முயலின் பின்னே நாயை ஏவுவதே வேட்டையாகும். முயல் தப்பிவிட்டாலும் குற்றம் குற்றமே. தொடக்கத்தில் சிறு விலங்குகளை வேட்டையாட உரிமம் வழங்கும் பிரிவுகள் இச்சட்டத்தில் இருந்தன. 1991-ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றை நீக்கியது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ், பயிர்ப் பாதுகாப்புக்காக நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் பெற இயலும். ஆனால் துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. பட்டியலில் உள்ள விலங்கைத் தோட்டத்தில் சுட்டாலும் வனச் சட்டம் பொருந்தும்.

சிவராத்திரி, பொங்கல் போன்ற விழாக்களை ஒட்டிப் பல ஊர்களில் பாரிவேட்டை நடப்பதுண்டு. கோயில்களில் சுவாமி குதிரை வாகனத்தில் வேட்டைக்கு எழுந்தருள்வது அதன் சடங்கு வடிவம். சில ஊர்களில் மக்கள் தடி, வலை, நாய்களுடன் காட்டுக்குள் செல்லும் வழக்கமும் இருந்தது. இதற்கு வனத்துறை இன்று அனுமதிப்பதில்லை. சடங்கு மட்டும் தொடர்கிறது.

மறுபுறம், காட்டுப்பன்றியால் நிலக்கடலை, மக்காச்சோளம், கிழங்குப் பயிர்களை இழக்கும் விவசாயிகளின் துயரம் உண்மையானது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட வனத்துறையினருக்கு அனுமதி அளிப்பதாக அறிவித்தது. அது வனத்துறைக்கான அனுமதியே. விவசாயியின் துப்பாக்கிக்கோ நாய்க்கோ அல்ல. சட்டத்துக்குப் புறம்பாகப் பன்றிக்கு வைக்கப்படும் அவுட்டுக்காய் என்ற வெடிமருந்து உருண்டையைக் கடித்து மாடுகள், யானைகள், நாய்கள் வாய் சிதைந்து இறக்கின்றன.

இனங்களின் இன்றைய நிலை

1980-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய் இனப்பெருக்க நிலையத்தைத் தொடங்கியது. பராமரிப்புக் குறைபாடுகள் குறித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2016-இல் அதை மூட உத்தரவிட்டது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளுள் இராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. சு. தியடோர் பாஸ்கரனின் இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூல் 2017-இல் வெளிவந்தபின் பொதுமக்களின் கவனம் கூடியது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் இவ்வினங்களின் பெயர்கள் இடம்பெற்றன.

புகழ் கூடியதும் விற்பனையும் கூடியது. இப்போது நிறமும் தோற்றமுமே விலையை முடிவு செய்கின்றன. இராஜபாளையத்தில் தூய வெண்மையை மட்டும் தேடி நெருங்கிய உறவு நாய்களைச் சேர்த்ததால் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இதன் நேரடி விளைவு. வேட்டைக் காலத்தில் செவிட்டு நாய்க்கு இடமில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத நாயை யாரும் இனவிருத்திக்கு வைக்கவில்லை. அந்த வடிகட்டல் நின்றபின் குறை தங்கிவிட்டது.

வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

* குட்டி வாங்கும்போது அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று ஒலி எழுப்பிக் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். தாய், தந்தை இரண்டையும் நேரில் பார்ப்பது நல்லது.
* ஒரே ஈற்றில் பிறந்தவற்றையும் தாய்–மகன், தந்தை–மகள் உறவுள்ளவற்றையும் சேர்க்கக் கூடாது.
* சிப்பிப்பாறையும் கன்னியும் நாள்தோறும் ஓட வேண்டியவை. சங்கிலியில் கட்டியே வைத்தால் மூர்க்கமும் நோயும் வரும். வேலியிட்ட இடத்தில் மட்டும் அவிழ்த்துவிட வேண்டும். ஓடும் ஆட்டையோ மயிலையோ கண்டால் குரலுக்குத் திரும்பாது.
* வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் தவறாமல் போட வேண்டும்.
* விற்பனைக்காக இனவிருத்தி செய்வோர், 2017-ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி, விற்பனை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இராஜபாளையத்தை அடுத்துள்ள மலைப்பகுதி 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பன்றி வேட்டைக்கு நாய் வளர்த்த ஊருக்கு அருகிலேயே இன்று பன்றியும் மானும் புலியின் இரையாகக் காக்கப்படுகின்றன. அந்த நாய்க்கு மிஞ்சியிருப்பது தோட்டக் காவல். எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் செய்து நின்ற அதே வேலை. அந்த வேலைக்குத் தேவையான செவியும் காலும் துணிவும் குட்டிகளுக்கு வருகின்றனவா என்று பார்த்து வளர்க்கும்வரை இந்த இனங்கள் நிலைக்கும்.