உறுதி மட்டும் போதாது, வீட்டையும் சோதியுங்கள்

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை தாக்கிய கரையோரக் கிராமங்களுள் திருகோணமலையின் சாம்பல்தீவும் ஒன்று. இத்தகைய இடங்களில் காணி உறுதியை மட்டும் நம்பி வீடு வாங்குதல் போதாது.

வீட்டுப் பரிசோதனை மூவகைப்படும். வாங்குபவர் அத்திவாரம், கூரை, மின்னிணைப்பு, கிணற்று நீரின் உவர்ப்பு என்பவற்றைத் தகுதியுள்ளோரைக் கொண்டு முன்கூட்டியே ஆராய வேண்டும். விற்பவர் தாமே சோதித்துக் குறைகளை அறிவித்தால் பின்னர் பிணக்கு எழாது. குறையை மறைத்து விற்பதை இஸ்லாமும் தடுக்கின்றது. குடியிருப்பவர் ஆண்டுதோறும் கொங்கிறீற்று வெடிப்புகளைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கொங்கிறீற்றையே பிளந்துவிடும்.

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் வீடு கட்ட அனுமதி தேவை. அதன் பின்னர் எழுந்த வீடாயின் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பவர் கேட்கக் கூசலாகாது.