'டிரிச்சி' என்னும் கொச்சைச் சொல்லின் பொருள் வரலாறு

யூலும் பர்னலும் தொகுத்து 1886 இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் ஆங்கிலோ-இந்திய அகராதியில், திருச்சிராப்பள்ளியின் பெயரைக் குறுக்கி ஆங்கிலேயர் தமக்குள் வழங்கிவந்த 'டிரிச்சி' என்னும் சொல்லும் இடம்பெற்றுள்ளது. ஆனால் அங்கே அதற்கு அர்த்தம் ஊரன்று, அவ்வூர்ச் சுருட்டு. நீண்டது, நயமின்றிச் செய்யப்பட்டது, வாயில் வைக்கும் நுனியில் வைக்கோல் செருகப்பட்டது, மலிவானது, ஆயினும் பழகியவர்க்கு மிகவும் பிரியமானது என்று அகராதி அதனை வருணிக்கிறது.

நமது 'சுருட்டு' 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே 'செரூட்' என்று ஆங்கிலத்திற் புகுந்துவிட்டதாகையால், 'டிரிச்சினோபொலி செரூட்' என்னும் தொடரில் ஆங்கிலேயர் தம்முடையதென்று உரிமை கொண்டாடக்கூடிய பகுதி எதுவுமே இல்லை. பின்னர் அத்தொடரின் பிற்பாதியும் உதிர்ந்தது. 1887 இல் வெளியான கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நவீனத்தில், கொலை நிகழ்ந்த அறையிற் சிதறிக்கிடந்த கருஞ்சாம்பலைக் கொண்டே கொலைஞன் புகைத்தது இன்னதென்று ஹோம்ஸ் நிர்ணயிக்குமிடத்தில், ஊர்ப்பெயர் ஒருமுறை சுருட்டைக் குறிக்கும் சொல்லுடன் சேர்ந்தும், ஒருமுறை தனித்தும் வருகிறது. லண்டன் வாசகனுக்கு அத்தனிப் பிரயோகம் விளக்கமின்றியே விளங்கியிருக்கவேண்டும்.

இத்தகைய சொற்களை மொழியின் சிதைவென்று தள்ளுவோருடன் நான் உடன்படுவதற்கில்லை. ஊர்ப்பெயர் அவ்வூர்ப் பொருளுக்கு ஆவது ஆகுபெயர். திருமண வீடுகளில் 'காஞ்சிபுரம் கட்டிக்கொண்டாள்' என்னும்போது நாமும் அதையே செய்கிறோம். ஊர்ப்பெயர் குறுகுவது மரூஉ. பவணந்தியார் அதனை இயல்பு வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாகவே வைத்தார். சுருட்டுத் தொழிலுக்குப் பேர்பெற்ற உறையூர்தானே புலவர் வாக்கில் 'உறந்தை' ஆயிற்று? புலவர் செய்தால் மரபு, சிப்பாய் செய்தால் கொச்சை என்பது நியாயமாகாது.

ஆயினும் எல்லா ஊர்ப்பெயர்க்கும் இந்தக் கதி நேர்வதில்லை. பூரி ஜகந்நாதரின் திருநாமம் தேரின் வழியே ஆங்கிலத்திற் சென்று, எதிர்ப்பட்டதை நசுக்கும் பெருஞ்சக்திக்குப் பெயராகிவிட, காவிரியின் நடுவிலுள்ள ஸ்ரீரங்கமோ, 18 ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஓர்ம் எழுதிய யுத்த சரித்திரத்தில் 'செரிங்கம்' என்று உருத்திரிந்தபோதிலும் பொருள் திரியாமல் நின்றது. அதன் பெயரைச் சுமந்து கடல் கடக்கும் கடைச்சரக்கு எதுவும் ஆங்கிலேயர் கைக்குக் கிட்டாததே காரணமென்று கருதுகிறேன்.

சரக்கின் தன்மையும் கவனிக்கத்தக்கது. திருச்சிராப்பள்ளிப் பொற்கொல்லர் மெல்லிய கம்பியைப் பின்னிச் செய்த சங்கிலியும் 'டிரிச்சினோபொலி' என்றே பெயர் பெற்றது. ஆனால் அது குறுகவில்லை. சுருட்டு அன்றாடம் வாயாற் கேட்டு வாங்கப்பட்டது. சங்கிலியோ அறிஞர் எழுத்தில் நிலைபெற்றது. அயர்லாந்தின் டெரினாஃப்லானில் 1980 இல் கண்டெடுக்கப்பட்ட பழைய வெள்ளித் தட்டின் கம்பிப் பின்னலைத் தொல்லியலார் இன்றும் அந்த முழுப்பெயராலேயே குறிக்கின்றனர்.