தண்டவாளம் இல்லாத இருப்புப்பாதை

சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்றிருந்தோம். ஜொகூரிலே ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியப் பணி நமக்கு. செம்மண் சடக்கில் சைக்கிள் மிதித்தே வளர்ந்தவர்கள். ஆகவே, உலு பாண்டான் ஆற்றங்கரைப் பாதையில் வாடகைச் சைக்கிள் ஓட்டலாம் என்று உறவினர் சொன்னதும், பிள்ளைகளைவிட எங்களுக்கே உற்சாகம் மிகுந்துவிட்டது.

கால்வாய்போல் கரை கட்டிய ஆறு அது. ஓரிடத்தில் ஆற்றின் குறுக்கே பழைய இரும்புப் பாலம் ஒன்று நின்றது. காரும் போகவில்லை, லாரியும் போகவில்லை. "இந்தப் பாலம் யாருக்குப்பா?" என்று இளையவள் கேட்டாள். இரயிலுக்கு என்றோம். "அப்போ இரயில் எங்கே?" என்றாள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியவில்லை.

அந்தப் பாலம் 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லப் போட்ட கிளைப் பாதையைச் சேர்ந்தது. 1990களிலேயே அதில் ஓட்டம் நின்றுவிட்டது. அந்தக் கிளை பிரிந்த இடம் புக்கிட் தீமா நிலையம். அதன் வழியே சென்ற தாய்ப்பாதைதான் இன்று தஞ்சோங் பகார் தொடங்கி உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளும் பசும்பாதையாகக் கிடக்கிறது. பிற்பகலில் அங்கேயும் சைக்கிளைத் திருப்பினோம்.

ஏறி மிதித்தவர்களுக்கு உடனே ஒன்று விளங்கும். பாதையில் மேடே தெரியாது! புக்கிட் தீமா என்பது சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்று. அதன் அடிவாரத்தில் போகிறோம். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு மூச்சு வாங்கவில்லை. காரணம், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் செங்குத்தான மேட்டில் ஏறாது, வழுக்கும். ஆகவே இரயில்பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டுவார்கள், பள்ளத்தை நிரப்புவார்கள். அப்படி வெட்டியும் நிரப்பியும் மண் கூடை சுமந்தவர்களின் உழைப்பின்மேல்தான் இன்று நம் பிள்ளைகள் இலேசாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

இந்தப் பாதையின் கதை 1903இல் தொடங்குகிறது. அப்போது இரயில் தேங்க் ரோட்டிலிருந்து புறப்பட்டு, தீவின் வடகரையோடு நின்றுவிடும். அப்பால் ஜொகூருக்குப் படகுதான். 1923இல் நீரிணைப் பாலத்தின்மேல் இரயில் ஓடத் தொடங்கியது. 1932இல் புக்கிட் தீமாவுக்குத் தெற்கே பாதையை வேறு பக்கம் திருப்பி, தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் கட்டினார்கள். அதன் முகப்பில் நான்கு பெரிய பளிங்குச் சிலைகள்; உள்ளே சுவரோவியங்கள். நெல் நடவு, ஈயச் சுரங்கம் ஆகியவற்றோடு பால்மரம் வெட்டும் காட்சியும் அவற்றுள் உண்டு. தோட்டத்திலிருந்து போகிறவருக்கு அந்த ஒரு படம் போதும், நின்று பார்க்க!

இனி நிலத்தின் கதைக்கு வருவோம். சிங்கப்பூரில் ஒரு சாண் நிலம் சும்மா கிடக்காது. அப்படியிருக்க, ஊரின் நடுவே 24 கிலோமீட்டருக்கு ஒரு நீண்ட பட்டை எப்படி மரமும் கொடியுமாகத் தப்பியது? 1918இல் சிங்கப்பூர்க் காலனி அரசு, தன் இரயில் பாதையை நிலத்தோடு ஐக்கிய மலாய் மாநிலங்களுக்குக் கைமாற்றியது. நிலத்தின் ஒரு பகுதிக்கு 999 ஆண்டுக் குத்தகை. மூத்தவன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, "2917 வரைக்குமா!" என்று வாய்பிளந்தான். அன்று இரு பக்கமும் ஒரே ஆங்கிலேயர் ஆட்சி; எவரும் அதைப் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோதோ, அதன் நடுவே மலேசிய இரயில்வேயின் நிலம் ஓடியது. இரயிலுக்கு அல்லாமல் வேறெதற்கும் அதைத் தொடுவது எளிதாக இருக்கவில்லை. அடுக்குமாடிகள் இரு பக்கமும் எழுந்தன. நடுவே காடு நின்றது. சட்டச் சிக்கல் காடு வளர்த்த கதையை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

அந்தச் சிக்கல் தீர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1990இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்தன. ஆனால் பொருள் கொள்வதில் வேறுபட்டன. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சோதனையோ தஞ்சோங் பகாரிலேயே நீடித்தது. எனவே வடக்கே போகும் பயணி, சிங்கப்பூரை விட்டுப் புறப்படும் முன்பே மலேசியாவில் நுழைந்தவராகக் கணக்கு! 2010 மே மாதத்தில் இரு பிரதமர்களும் முடிவு கண்டார்கள். 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி இரயிலை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். 2024இல் நம் மாமன்னராகப் பொறுப்பேற்றவரும் அவரே.

அதன்பின் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். நிலத்தைத் துண்டு போட்டு வீடு கட்டியிருக்கலாம். ஆனால் 2010ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் இயற்கைக் கழகம், பாதையை முழுமையாகப் பசும்பாதையாக விட்டுவைக்கவேண்டும் என்று திட்டம் எழுதி அரசிடம் வைத்திருந்தது. பாதை அறுபடாமல் தப்பியது. புக்கிட் தீமா வட்டாரத்து இரும்புப் பாலங்கள் இரண்டும் நின்றன.

புக்கிட் தீமா நிலையத்தில் எங்கள் தந்தையார் எங்களுக்காகக் காத்திருந்தார். எங்கள் பாட்டனார் குளுவாங் பக்கம் இரயில்வே 'கேங்'கில் கூலியாக இருந்தவர். விடிவதற்குள் சுத்தியலோடு பாதை நெடுக நடந்து, தளர்ந்த ஆப்பை அடித்து, சிலிப்பர்க் கட்டைக்கடியில் ஜல்லியை இறுக்குவதே அவர் வேலை. மலாயா இரயில்வேயில் பாதை பார்த்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தமிழர்கள். நிலைய அதிபர், எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தனர். ஒரே மொழி பேசினாலும் இரு சாராருக்கும் குடியிருப்பு வேறு, சம்பளம் வேறு. தந்தையார் இன்றும் அதை மறப்பதில்லை.

ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் மோதாதபடி காத்த முறையையும் பிள்ளைகளுக்கு அங்கேதான் சொன்னார். ஒரு வளையம், அதில் அடுத்த பகுதிக்கு உரிய அடையாளச் சாவி. அது கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை அடுத்த பகுதிக்குள் விடக்கூடாது. ஓடுகிற வண்டியிலிருந்தே ஒரு வளையத்தைக் கொடுத்து மற்றொன்றை வாங்குவார்கள். 2011 வரை இந்த நிலையத்தில் அது நடந்தது. இளையவள் தன் தலைக்கவசத்தை வளையமாக நீட்ட, அண்ணன் சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போனான்.

இன்னும் வடக்கே போனால், பாதைக்கு அருகே பழைய ஃபோர்டு தொழிற்சாலை வரும். 1942 பிப்ரவரி 15இல் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் அது. அதன்பின் போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, சிங்கப்பூரிலிருந்து சயாமுக்கு இரயிலேற்றினார்கள். நம் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழரும் அந்தச் சயாம் மரண இரயில் வேலைக்கே கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே தந்தையார் பேச்சை நிறுத்திக்கொண்டார். நாங்களும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். 1932ஆம் ஆண்டளவில் இரயில்வேத் தொழிலாளர்கள் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாள ஓரத்தில் முனியாண்டிக்கு ஒரு சிறு குடிசைக் கோயில் எழுப்பினார்கள். அதுவே இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாகப் பெரிதாக நிற்கிறது. சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாலைப் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். தந்தையார் அர்ச்சனைச் சீட்டில் பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். கடைசியாக, பாட்டனார் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார்.