மூலநிரலுக்குள் எழுதும் விளக்கம் யாருக்கு?

1996-இல் ஜாவாவின் முதல் பதிப்போடு ஜாவாடாக் என்ற கருவியும் வந்தது. ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரமும் போட்டுத் தொடங்கும் கமெண்ட்டைப் பிரித்தெடுத்து அது இணையப் பக்கமாக்கித் தரும். அந்தக் கமெண்ட்டை வடிவமைக்க எச்டிஎம்எல். உலாவி வேகமாகப் பரவிக்கொண்டிருந்த அந்நாளில் இது நியாயமான முடிவுதான். 2024 செப்டம்பரில் வெளியான ஜாவா 23, மூன்று சாய்கோட்டில் தொடங்கும் கமெண்ட்டில் மார்க்டவுன் எழுதலாம் என்றது. இந்த 28 ஆண்டுப் பயணத்துக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: விளக்கத்தை எழுதுவது கருவி தயாரிக்கும் பக்கத்தை வாசிப்பவருக்கா, நிரலையே திறந்து வைத்திருப்பவருக்கா? இரண்டாமவரின் கண்ணை உறுத்தாத மரபுகளே நிலைத்தன, மற்றவை அவருக்காக வளைந்துகொடுத்தன என்பது என் வாதம்.

ஜாவாவின் சிக்கலை ஒரு சொல்லிலேயே காணலாம். 2004-இல் ஜாவா 5 ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தபின் நிரலெங்கும் கோண அடைப்புகள் பெருகின. எச்டிஎம்எல்லிலோ கோண அடைப்பு என்றால் டேக்கின் தொடக்கம். ஆகவே விளக்கத்தில் ‘லிஸ்ட்<ஸ்ட்ரிங்>’ என்று குறிப்பிட விரும்பியவர் ‘லிஸ்ட்&எல்டி;ஸ்ட்ரிங்&ஜிடி;’ என்று எழுத வேண்டியிருந்தது. உலாவியில் அது ஒழுங்காகத் தெரியும்; நிரலைத் திருத்த வந்தவரோ புதிரை அவிழ்த்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். தொல்லையைக் குறைக்கும் @கோட் குறியும் அதே பதிப்பில்தான் வந்தது. பத்தி பிரிக்க வெற்று வரி போதாது, அதற்கும் ஒரு டேக். 2014-இல் ஜாவா 8 இந்த எச்டிஎம்எல்லைக் கறாராகச் சோதிக்கத் தொடங்கியதும், அதுவரை சிக்கலின்றி ஓடிய பில்டுகள் பத்தி டேக்கைத் தப்பாக மூடியதற்கெல்லாம் நின்றன. நிரலில் பிழையே இல்லாமல் விளக்கத்தின் ஒப்பனையால் வேலை நிற்பது, மரபு யார் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைத் தெளிவாகவே காட்டுகிறது.

டொனால்ட் கனூத் 1984-இல் முன்வைத்த லிட்டரேட் புரோகிராமிங் இதைவிடப் பெரிய கனவு. அவருடைய வெப் முறையில் விளக்கமே முதன்மை. பாஸ்கல் நிரல் அதனூடே துண்டு துண்டாக வரும். அவருடைய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் முழு நிரலும் 1986-இல் புத்தகமாகவே வெளிவந்தது. அச்சில் அது அழகு. ஆனால் வீவ் என்ற கருவி பின்னித் தந்த பிறகுதான் அந்த அழகு கிடைக்கும். மூலக் கோப்பில் டெக் கட்டளைகளும் பாஸ்கலும் கலந்து கிடக்கும். மனிதர் வாசிப்பதற்காக எழுத வேண்டும் என்ற அவர் கொள்கையில் குறையில்லை. அந்த மனிதர் பெரும்பாலும் எடிட்டரின் முன் உட்கார்ந்திருக்கிறார் என்பதே முறை பரவாததற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

எளிய எழுத்து வென்றது மார்க்டவுன் மோகத்தால்தானே என்று கேட்கலாம். மார்க்டவுன் பிறந்ததே 2004-இல். அதற்கு வெகுமுன்பே ஈமாக்ஸ் லிஸ்ப் மரபு, விளக்கத்தின் முதல் வரி தனித்து நிற்கும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்றது. தேடல் பட்டியலில் அந்த வரி மட்டுமே தெரியும் என்பதால். 2001-இல் எழுதப்பட்ட பைதானின் பெப் 257 சொல்வதும் ஒரு வரிச் சுருக்கம், வெற்று வரி, பிறகு விரிவு என்பதே. டேக் ஒன்றுகூட இல்லை. பின்னால் ஒவ்வொரு அளபுருவையும் முக்காற்புள்ளிகளுக்கு நடுவே அடைத்தெழுதும் முறை வந்தபோது அது நெரிசலாகத் தெரிந்தது. தலைப்புக்குக் கீழ் கோடிடும் நம்பை பாணியும், உள்தள்ளி எழுதும் கூகுள் பாணியும் அதன் பக்கத்திலேயே இடம்பிடித்தன.

கருவிக்கு ஓர் அமைப்பு வேண்டாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. வேண்டும்தான். ஜாவா 23-உம் @பாராம், @ரிட்டர்ன் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டது. பொருளைச் சொல்லும் குறி தங்கியது, தோற்றத்தைச் சொல்லும் குறிக்குத்தான் மாற்று வந்தது. கோ மொழி இன்னும் சிக்கனமாகத் தொடங்கியது: விளக்கம் என்பது செயற்கூற்றின் பெயரில் தொடங்கும் சாதாரண வாக்கியம், நிரல்துண்டு என்றால் உள்தள்ளல். 2022 ஆகஸ்டில் வந்த கோ 1.19, தலைப்பு, பட்டியல், இணைப்பு ஆகியவற்றுக்கும் குறி தந்தது. இது என் வாதத்துக்கு எதிர்ச்சான்றாகத் தோன்றலாம். ஆனால் அதே பதிப்பில் கோஃபம்ட் கருவி விளக்கக் கமெண்ட்டுகளையும் சீராக்கத் தொடங்கியது: நிரல்துண்டுக்கு முன்னும் பின்னும் வெற்று வரி, பட்டியலுக்குச் சிறுகோடு, அதற்கு முன் 2 இட உள்தள்ளல். இந்தச் சீரமைப்பு முழுவதும் நடப்பது மூலக் கோப்புக்குள்தான்.