நிறமும் அதன் அண்டை நிறமும்

கரோல்பாகிலாயினும் மாதுங்காவிலாயினும், பட்டுப் புடவை வாங்கச் செல்லும் நம் வீட்டுப் பெண்மணிகள் உடலின் நிறத்தை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை. கரையையும் முந்தானையையும் சேர்த்துப் பார்த்த பின்னரே ஒரு முடிவுக்கு வருகின்றனர். பச்சை உடலுக்கு அரக்குக் கரை எடுப்பாக இருக்கும் என்பது அவர்கள் நன்கறிந்த செய்தி. அது ஏன் அவ்வாறு எடுப்பாக இருக்கிறது என்பதற்கு ஓவிய உலகம் தெளிவான விடை பெற நெடுங்காலம் ஆயிற்று. அவ்விடையும் ஒரு சாயப்பட்டறைப் புகாரிலிருந்து பிறந்தது. அந்த வரலாற்றை இன்று சற்றே காண்போம்.

பண்டை ஓவியருக்கு வர்ணம் என்பது முதலில் ஒரு பொருள். காவி மண்ணும், மஞ்சள் மண்ணும், விளக்குக் கரியும் அவர்களுடைய செல்வம். ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டியெடுத்த நீலக்கல் 5-ஆம் நூற்றாண்டில் அஜந்தாவின் சுவர்களை அடைந்தது. பிற்காலத்தில் ஐரோப்பியத் தேவமாதாவின் ஆடைக்கும் அதுவே நீலம் தந்தது. 1704-இல் வெளியான தமது ஒளியியல் நூலில் நியூட்டன், நிறங்கள் ஒளிக்கதிர்களைச் சார்ந்தவை என நிலைநாட்டினார். ஆயினும் ஓவியருக்கு ஓர் ஐயம் எஞ்சி நின்றது. கதிர்கள் யாவும் கலந்தால் வெண்மை தோன்றுகிறது. கிண்ணத்து வர்ணங்கள் யாவும் கலந்தால் சேற்று நிறமே மிஞ்சுகிறது. ஒவ்வொரு வர்ணப் பொடியும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதே இதன் காரணம் என்பதை 1852-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தெளிவுபடுத்தினார்.

அதற்கு முன்னரே பாரிஸ் நகரில் வேறொரு புதிர் அவிழ்ந்திருந்தது. அங்கே கோப்லான் என்ற அரசாங்க நெசவுச்சாலை, ஓவியங்களைத் திரைச்சீலைகளாக நெய்வதில் புகழ் பெற்றது. 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக அமர்ந்தார் ஷெவ்ரல் என்ற இரசாயன நிபுணர். நீல, ஊதா ஆடைகளின் நிழலைக் காட்டப் பயன்படுத்திய கருப்பு நூலில் அழுத்தம் போதவில்லை என்ற குறை அவரிடம் வந்தது. அவர் பிற பட்டறைகளின் கருப்பு நூல்களைத் தருவித்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை! நீலத்தின் பக்கத்தில் கிடந்ததால்தான் கருப்பு வெளிறித் தோன்றியது.

இதினின்று அவர் வகுத்த விதியை 1839-இல் நூலாக வெளியிட்டார். இரு நிறங்கள் அடுத்தடுத்து இருக்கையில், ஒவ்வொன்றும் தன் எதிர் நிறத்தின் சாயலை மற்றதன் மேல் ஏற்றுகிறது என்பதே அவ்விதி. சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று எதிர் நிறங்கள். ஆதலின் அருகருகே நிற்கும்போது இரண்டும் ஒளி பெறுகின்றன. இதை நாமே சோதிக்கலாம். ஒரு சிவப்புத் துணியை அரை நிமிஷம் உற்று நோக்கிவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், அங்கே பச்சை நிழல் ஒன்று மிதக்கும். லியோனார்டோ டாவின்சி போன்றோர் நிறங்களின் இவ்வுறவைக் கவனித்துக் குறித்து வைத்திருந்தனர். ஷெவ்ரல் அதனைச் சாஸ்திரமாக்கினார்.

ஜார்ஜ் சேரா என்ற இளம் ஓவியர் இச்சாஸ்திரத்தை முழுமையாக நம்பினார். கிராந்த் ஜாத் தீவில் ஞாயிறு பிற்பகலைக் கழிக்கும் மக்களை, 1884 முதல் ஈராண்டுகள் உழைத்து, சிறு சிறு வர்ணப் புள்ளிகளாலேயே தீட்டினார். வர்ணங்களைத் தட்டில் குழைப்பதற்குப் பதிலாகக் காண்போர் கண்ணிலேயே கலக்கச் செய்வது அவர் நோக்கம். ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமுள்ள அப்படம் 1886-இல் பாரிஸில் காட்சிக்கு வந்தது. ஷெவ்ரலின் நூறாவது பிறந்த நாளை அந்நாடு கொண்டாடியதும் அவ்வாண்டிலேதான்.

ஆனால் சாஸ்திரம் காத்த அப்படத்தைப் பொருள் காக்கவில்லை. சேரா புதிதாகக் கையாண்ட துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிற்று. வெயில் படிந்த புல்வெளியின் புள்ளிகள் ஒளி மங்கின. அண்டை நிறங்களைக் கணக்கிட்டு வைத்த புள்ளிகளில் ஒன்று மாறியதும், அதனைச் சார்ந்த கணக்கும் பிசகிற்று. இன்று சிகாகோவில் அப்படத்தின் முன் நிற்போர், அவர் தீட்டிய ஒளியில் ஒரு பகுதியை மனத்தினால்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுச் சித்திர நூல்கள் இவ்விஷயத்தில் வேறு வழியில் நடந்தன. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திர சூத்திரம் நிறங்களைப் பற்றிப் பேசுவதோடு, அவற்றைத் தாங்கும் சுவருக்குச் சாந்து அமைக்கும் முறையையும் விரித்துரைக்கிறது. நிறத்தின் அழகு அதன் அண்டையைப் பொறுத்தது. அதன் ஆயுளோ அது பிறந்த மண்ணையும் ஏற்ற சுவரையும் பொறுத்தது. ஓவியர் இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் வாழும் நம்மவர் அஜந்தாவுக்குச் செல்லும் வாய்ப்பை நழுவவிட வேண்டாம். அங்கே செங்காவியின் அருகே மண் பச்சை எவ்வாறு நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஷெவ்ரலுக்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அதனை அவ்விடத்தில் வைத்த கை, நம் வீட்டுப் பெண்மணிகளைப் போலவே, விதியின் பெயரறியாமல் விதியை அறிந்திருந்தது.