எஃப்6 அழுத்தவும்

ரெய்டு என்றால் நமக்கு வருமான வரித்துறைதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப்போவது டிஸ்க் ரெய்டு. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் அந்தப் பெயர் வந்தது. ஐபிஎம் 3380 மாதிரி ராட்சத டிஸ்க்குக்குப் பதிலாக, பிசியில் போடும் மலிவான டிஸ்க்குகளைக் கூட்டாகச் சேர்த்தால் என்ன என்று கேட்டார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் தாங்கும் என்றால், 100 டிஸ்க் கூட்டத்தில் 300 மணி நேரத்துக்கு ஒன்று போய்விடும். இரண்டு வாரம்கூட இல்லை. அதனால் தகவலின் நகலையோ, இழந்ததை மீட்க உதவும் கணக்கையோ சேர்த்தே எழுதிவைக்க வேண்டும் என்றார்கள்.

யோசனை எளிது. கம்ப்யூட்டருக்குள் அதைக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

2009இல் எங்கள் கல்லூரி லேபுக்குப் புது சர்வர் வந்தது. ரெய்டு கார்டு, இரண்டு டிஸ்க். விண்டோஸ் சர்வர் 2003 போட உட்கார்ந்தோம். நீலத்திரையின் அடியில் சில விநாடிகள் மட்டும் ஒரு வரி வந்துபோனது: ரெய்டு டிரைவர் போட எஃப்6 அழுத்தவும். தவறவிட்டோம். கொஞ்ச நேரத்தில், டிஸ்க்கே இல்லை என்றது. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை அழுத்தினோம். ஃப்ளாப்பியைப் போடு என்றது. சர்வரில் ஃப்ளாப்பி டிரைவே கிடையாது.

லேப் அண்ணன் கார்டைக் கழற்றிவிட்டு, ஒரு டிஸ்க்கை மட்டும் நேராக மதர்போர்டில் செருகினார். "இப்போதைக்கு ஒண்ணு போதும் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்." நானும் தலையாட்டினேன். அடுத்த செமஸ்டரில் அந்த டிஸ்க் போனது. இறுதியாண்டு அண்ணன்மார் இருவரின் புராஜெக்ட்டும் அதோடு போனது. இரண்டாவது டிஸ்க் பீரோவில் பத்திரமாக இருந்தது.

இன்ஸ்டாலர் எழுதுபவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். டிரைவரோ அதே டிஸ்க்கில்தான் குடியேற வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. விஸ்டாவில்தான் மைக்ரோசாஃப்ட் யுஎஸ்பியிலிருந்தும் டிரைவர் எடுக்க விட்டது. 2005இல் வந்த டெபியன் 3.1இன் புது இன்ஸ்டாலர், மென்பொருள் ரெய்டை அங்கேயே அமைக்க வழிசெய்தது. அதற்காக எல்லா வாசலும் ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. 2018இல் வந்த உபுண்டு 18.04இன் புது சர்வர் இன்ஸ்டாலரில் முதலில் ரெய்டு இல்லை, 18.04.1இல்தான் சேர்ந்தது.

அப்புறம் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். டிஸ்க் காலியாக இருக்கும்போது ரெய்டு நாலு கேள்வியில் முடிகிற வேலை. சிஸ்டம் குடியேறி, ஆட்கள் ஃபைல் வைக்க ஆரம்பித்த பிறகு, ஓடுகிற பஸ்ஸில் சக்கரம் மாற்றுகிற வேலை. யாரும் தொட மாட்டார்கள். அந்தக் காலி நேரத்தில் கூடவே இருப்பது இன்ஸ்டாலர் மட்டும்தான். அது கேட்காத கேள்வியை அதற்குப் பிறகு பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இப்போது நானும் மென்பொருள் எழுதுகிறேன். 'இதை அடுத்த வெர்ஷனில் பாத்துக்கலாம்' என்று மீட்டிங்கில் யாராவது சொன்னால், எனக்கு அந்த பீரோ ஞாபகத்துக்கு வரும்.